ரத்தம் கொட்டுதா? பதறாதீங்க, அழுத்துங்க!

தேங்காய் உடைக்கும்போது அரிவாள் நழுவுகிறது. அரிவாள்மனையில் காய் நறுக்கும்போது கவனம் டி.வி. பக்கம் போய்விடுகிறது. கண்ணாடி டம்ளரோடு ஓடிவந்த குழந்தை தடுக்கி விழுகிறது. அவ்வளவுதான், வீடே அல்லோலகல்லோலம்! "காபித்தூளை அப்பு!", "மஞ்சள்தூள் எங்கே?", "குழாயில காட்டு!" என்று ஆளுக்கொரு வைத்தியம். இந்தக் களேபரத்தில் முக்கியமான காரியம் விட்டுப்போகிறது. காயத்தை அழுத்திப் பிடிப்பதுதான் அது.

எவ்வளவு போனால் ஆபத்து?

பெரியவர்கள் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. அரை லிட்டர் பால் பாக்கெட் கணக்கில் 10 பாக்கெட். இதில் 3 பாக்கெட் அளவு மளமளவென்று வெளியேறினாலே உயிருக்கு ஆபத்து. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கோ மொத்தமே சுமார் 800 மி.லி.தான். 2 பாக்கெட்கூட இல்லை! ஆகவே, குழந்தை விஷயத்தில் "கொஞ்சம்தானே போச்சு" என்ற அலட்சியம் கூடவே கூடாது.

எப்படி அழுத்துவது?

1. அடிபட்டவரை உட்கார வையுங்கள். தலை சுற்றினால் படுக்க வையுங்கள்.

2. துவைத்த கைக்குட்டை அல்லது பருத்தித் துணியை நாலாக மடித்து, காயத்தின் மேலேயே வைத்து உள்ளங்கையால் பலமாக அழுத்துங்கள். துணி வரும்வரை, முடிந்தால் அவரையே தன் கையால் அழுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். உங்கள் கையில் சுத்தமான பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொள்வது நல்லது.

3. கடிகாரத்தைப் பார்த்து முழுசாக 10 நிமிடம் அழுத்துங்கள். நடுவில் "நின்னுடுச்சா?" என்று எடுத்துப் பார்க்காதீர்கள்.

4. துணி நனைந்தால் அதை எடுக்காமல், மேலேயே இன்னொன்றை வைத்து இன்னும் பலமாக அழுத்துங்கள்.

5. நின்றதும் துணியோடு சேர்த்துக் கட்டுங்கள். விரல் நுனி மரத்துப்போனாலோ நீலம் பாரித்தாலோ கட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள்.

ஏன் எட்டிப் பார்க்கக்கூடாது?

ரத்தக்குழாய் அறுந்ததும் தட்டணுக்கள் ஓடிவந்து ஓட்டையை அடைக்கின்றன. அதன்மேல் நார் போன்ற வலை பின்னி ரத்தம் உறைகிறது. இதற்குச் சில நிமிடங்கள் ஆகும். துணியைப் பிடுங்கினால், பாதி உறைந்த அடைப்பும் கூடவே பிய்ந்து வந்துவிடும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பம்!

"எங்க பாட்டி காபித்தூள் வெச்சா உடனே நிக்குமே?" என்கிறீர்களா? சின்னக் காயம் தானாகவே நின்றுவிடும். பாட்டி கூடவே அழுத்தியும் பிடித்திருப்பார்! காபித்தூளால் காயத்துக்குள் அழுக்கும் கிருமியும் போகும். தையல் போடும் டாக்டர் அதைச் சுரண்டிக் கழுவ வேண்டிவரும்.

பிடுங்காதீர்கள்!

கண்ணாடியோ கத்தியோ ஆழமாகக் குத்தி நின்றால், அதுவே பாட்டில் மூடி மாதிரி ரத்தத்தை அடைத்துக்கொண்டிருக்கலாம். பிடுங்காமல், அதன் இரண்டு பக்கத்திலும் அழுத்தியபடியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

108-ஐ எப்போது கூப்பிடுவது?

ரத்தம் பீய்ச்சி அடித்தால், குளம்போல் தேங்கினால், உடம்பு வெளுத்து ஜில்லென்று வியர்த்தால், பேச்சு குழறினால் உடனே கூப்பிடுங்கள். ஒருவர் அழுத்த, இன்னொருவர் போன் செய்யட்டும். 10 நிமிடம் அழுத்தியும் நிற்காவிட்டாலும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு ரத்தம் அடங்காவிட்டாலும் தாமதிக்காதீர்கள்.

ஆம்புலன்ஸ் வரும்வரை படுக்கவைத்துப் போர்த்திவிடுங்கள். தெம்புக்கு என்று காபியோ சோடாவோ தராதீர்கள். ஆபரேஷனுக்காக மயக்க மருந்து கொடுக்க வேண்டிவந்தால், வயிற்றில் இருப்பது வாந்தியாகி மூச்சுக்குழலுக்குள் போய்விடலாம்.

சின்னக் காயம்தான் என்றால், ரத்தம் நின்றபின் சோப்புத் தண்ணீரால் கழுவிச் சுத்தமான கட்டுப் போடுங்கள். டெட்டனஸ் ஊசி தேவையா என்று டாக்டரைக் கேளுங்கள்.

இன்றைக்கே காஸ் துணி, ரோலர் பேண்டேஜ், கையுறை மூன்றையும் வாங்கி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். டப்பா எங்கே இருக்கிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியட்டும்!