கியர் பாக்ஸை இறக்கும் முன்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தோடு வந்த அந்தக் குறிப்புத் தாள்தான் முதலில் என் கண்ணில் பட்டது. வண்டி எந்த வேகத்தில் உதறுகிறது, இன்ஜின் சூடேறும் முன்பா பின்பா, ஏசி ஓடிக்கொண்டிருந்ததா, சாலை ஏற்றமா சமதளமா என்று தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறீர்கள். பட்டறையில் அதை யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "கியர் பாக்ஸ் போயிடுச்சு, இறக்கி மாத்தணும்" என்று வண்டி விலையில் கால் பங்குக்கு மேல் செலவு சொல்லியிருக்கிறார்கள். போதாதென்று, நீங்கள் ஓட்டுகிற விதம்தான் காரணம் என்று ஒருவர் சொன்னாராம். படித்ததும் கோபம் வந்தது. ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருக்கும் எத்தனையோ பேர் இதே இடத்தில் நிற்கிறார்கள் என்பதால், தனியாக எழுத வேண்டிய பதிலை எல்லோரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். 'ஆட்டோமேட்டிக்' என்ற ஒரே பெயரில் நம் சாலைகளில் நான்கு வெவ்வேறு இயந்திரங்கள் ஓடுகின்றன. 2014இல் மாருதி செலேரியோ கொண்டுவந்து பரவலாக்கிய ஏஎம்டி, உள்ளே பார்த்தால் பழைய மேனுவல் கியர் பாக்ஸ்தான். கிளட்சை விடுவிப்பதையும் கியரைத் தள்ளுவதையும் நம் காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு கருவி செய்கிறது. கியர் மாறும் கணத்தில் அதில் இழுவை அறுந்து சேரும். தலை லேசாக முன்னே போய் வரும். அது கோளாறு அல்ல. சிவிடியில் படிப்படியான கியர்களே கிடையாது. இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஒரு பெல்ட் ஓடுகிறது. இரட்டைக் கிளட்ச் வகை வேறு. உங்களுடையது டார்க் கன்வெர்ட்டர் வகை, 6 கியர். இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் ஆயில் வழியாகவே விசை போகும் அமைப்பு. ஆகவே ஏஎம்டி வண்டி வைத்திருக்கும் உங்கள் தம்பி சொன்ன "ஆட்டோமேட்டிக்னா அப்படித்தான் இருக்கும்" என்ற சமாதானம் உங்கள் வண்டிக்குப் பொருந்தாது. இந்த வகை, நல்ல நிலையில் இருந்தால், கியர் மாறுவதே தெரியாமல் போகும்.

நீங்கள் எழுதிய மூன்று குறைகளில் காலை நேரத்து இடியை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்ஜினைப் போட்டவுடன் ஆர்பிஎம் 1,200க்கு மேல் நிற்கும். அந்த நிலையில் டி-யில் போட்டால் எந்த வண்டியும் ஒரு முட்டு முட்டும். ஆயிலும் குளிர்ந்து கெட்டியாக இருக்கும். ஆர்பிஎம் தானாக இறங்கும்வரை காத்திருந்து பிறகு டி-யில் போட்டுப் பாருங்கள். அப்போதும் இடித்தால் இன்ஜின் மவுண்டையும் கியர் பாக்ஸ் மவுண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். ரப்பர் கிழிந்த மவுண்ட், கியர் பாக்ஸ் கோளாறு போலவே இடிக்கும். அதை மாற்ற கியர் பாக்ஸைப் பிரிக்க வேண்டியதில்லை.

ரிவர்ஸ் போட்டால் சற்று நின்று யோசித்துவிட்டுப் பின்னால் போகிறது என்றீர்களே, அதைக் கவனிக்க வேண்டும். டொயோட்டாவின் பழுதுபார்க்கும் கையேடுகளில் இதற்கென்றே ஒரு சோதனை உண்டு. சூடேறிய வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு டி-யில் போட்டால் 1.2 வினாடிக்குள்ளும், ஆர்-இல் போட்டால் 1.5 வினாடிக்குள்ளும் கியர் பிடிக்கும் அதிர்வு தெரிய வேண்டும். உங்கள் வண்டி வேறு நிறுவனத்துடையது. அளவு கொஞ்சம் மாறலாம். ஆனால் கைபேசியில் நேரம் பார்த்து இரண்டு வினாடியைத் தாண்டினால், உள்ளே ஆயில் அழுத்தம் வந்து சேரத் தாமதமாகிறது என்று பொருள். ஆயில் அளவு குறைந்திருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம், ரப்பர் சீல்கள் இறுகியிருக்கலாம். முதல் இரண்டும் கியர் பாக்ஸை இறக்காமலே சரியாகிற விஷயங்கள்.

இப்போது அந்த 60, 70 கிலோமீட்டர் வேகத்து நடுக்கம். உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி இதுதான்: "ஆக்சிலரேட்டரை மெதுவாக மிதித்துச் சீராகப் போகும்போதுதான் வருகிறது, அழுத்தி மிதித்தால் போய்விடுகிறது, சாலையில் போட்ட சின்னச் சின்னக் கோடுகள் மேல் ஏறி இறங்குவது போல இருக்கிறது." இதைக் கேட்ட நல்ல மெக்கானிக் அந்த இடத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்.

டார்க் கன்வெர்ட்டருக்குள் லாக்-அப் கிளட்ச் என்று ஒன்று இருக்கிறது. ஆயில் வழியாக மட்டும் விசை போனால் கொஞ்சம் வழுக்கல் இருந்துகொண்டே இருக்கும். பெட்ரோல் வீணாகும், சூடு ஏறும். அதனால் வண்டி சீரான வேகத்துக்கு வந்ததும் இந்தக் கிளட்ச் இரு பக்கத்தையும் நேராகப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடிப்பு உறுதியாக இல்லாமல் பிடித்து, வழுக்கி, பிடித்து, வழுக்கி என்று வேகமாக மாறி மாறி நடந்தால் நீங்கள் சொன்ன நடுக்கம் வரும். அழுத்தி மிதித்தால் கணினி லாக்-அப்பை விடுவித்துவிடும்; நடுக்கமும் நிற்கும்.

இதை உறுதி செய்ய வழி இருக்கிறது. பின்னால் வண்டி எதுவும் வராத, நேரான, காலியான சாலையில், ஆட்டோமேட்டிக் ஓட்டிப் பழகிய ஒருவர் செய்ய வேண்டியது. நடுக்கம் வந்துகொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு, இடது காலால் பிரேக் பெடலை மிக லேசாகத் தொட வேண்டும். பிரேக் பிடிக்கக் கூடாது. பிரேக் லைட் எரியும் அளவு தொட்டால் போதும். பெரும்பாலான வண்டிகளில் அந்த ஸ்விட்ச் தட்டியவுடன் லாக்-அப் விடுபடும். ஆர்பிஎம் முள் சற்று மேலே ஏறி, அதே கணத்தில் நடுக்கம் நின்றால் குற்றவாளி லாக்-அப் கிளட்ச். நிற்கவில்லை என்றால் வேறு எங்கோ தேட வேண்டும். ஒரு சிலிண்டரில் எரிதல் தவறினாலும் வண்டி இப்படியே உதறும். ஆனால் அது ஏற்றத்தில், பாரத்தில் கூடும். ஆக்சிலரேட்டரை முழுக்க விட்ட பிறகும் அதே வேகத்தில் நடுக்கம் தொடர்ந்தால் டயர் பேலன்ஸையும் டிரைவ் ஷாஃப்டையும் பாருங்கள். ஸ்பார்க் பிளக் மாற்ற வேண்டிய வண்டிக்கு கியர் பாக்ஸை இறக்குவது எவ்வளவு பெரிய அநியாயம்!

லாக்-அப்தான் என்று தெரிந்தாலும் உடனே டார்க் கன்வெர்ட்டரை மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் 8 கியர் ஆட்டோமேட்டிக் வண்டிகளில் இதே நடுக்கம் பெரிய புகாராக எழுந்தது. 2019இல் அந்த நிறுவனம் தன் பணிமனைகளுக்கு அனுப்பிய வழிகாட்டி, பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றிவிட்டு, மாற்றி உருவாக்கப்பட்ட புதிய ஆயிலை ஊற்றச் சொன்னது. லாக்-அப் கிளட்ச் வழுக்காமல் உறுத்தாமல் பிடிப்பதற்கு ஆயிலில் கலந்திருக்கும் சேர்மானங்களே பொறுப்பு. சூட்டிலும் காலப்போக்கிலும் அவை கெட்டுப்போகும்.

உங்கள் வண்டியில் இதுவரை கியர் ஆயில் மாற்றியதே இல்லை என்கிறீர்கள். விற்றவர், "இது லைஃப்டைம் ஆயில், தொடவே வேண்டாம்" என்றாராம். நம் ஊர் வெயிலிலும் நெரிசலிலும், அவ்வப்போது மலை ஏறும் வண்டிக்கு இந்த நம்பிக்கை ஆகாது. ஆயில் சோதனையை இப்படிக் கேளுங்கள். உங்கள் மாடலில் டிப்ஸ்டிக் கிடையாது. வண்டியை லிஃப்டில் சமமாகத் தூக்கி, இன்ஜினை ஓடவிட்டு, கையேட்டில் குறித்த வெப்பநிலையில் ஆயில் இருக்கும்போது, அடியில் உள்ள சோதனைத் திருகைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஆயில் சூட்டில் விரியும் என்பதால் வெப்பநிலை தவறினால் அளவும் தவறும். வெப்பநிலை பார்க்க ஸ்கேனர் வேண்டும். அது இல்லாமல் "அளவு சரியா இருக்கு" என்று சொன்னால் நம்பாதீர்கள்.

வெளியே வரும் ஆயிலை நீங்களே பாருங்கள், முகர்ந்து பாருங்கள். கருத்துப்போய்க் கருகிய வாசனை அடித்தால் உள்ளே கிளட்ச் தகடுகள் எரிந்திருக்கின்றன. பால் கலந்தது போல வெளுத்திருந்தால் தண்ணீரோ கூலன்டோ கலந்துவிட்டது. ரேடியேட்டருக்குள்ளேயே ஆயில் குளிர்விப்பான் அமைந்த வண்டிகளில் உள்சுவர் ஓட்டையானால் இப்படி ஆகும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியிலும் ஆகும். உங்கள் வண்டி சென்னையில் இருந்து வந்தது என்பதால் சொல்கிறேன்: 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் அங்கே மூழ்கிய வண்டிகள் எத்தனையோ. கியர் பாக்ஸின் காற்றுக்குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். இன்ஷூரன்ஸ் பதிவுகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அடித்தட்டில் உள்ள காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மெல்லிய பசை ஒட்டியிருந்தால் அது சாதாரணத் தேய்மானம். மினுங்கும் உலோகச் சில்லுகள் கிடந்தால் மட்டும், பட்டறைக்காரர் சொன்னது சரி. இறக்கித்தான் ஆக வேண்டும்.

ஒரே தடவை வடித்து ஊற்றினால் ஆயில் முழுக்க மாறாது. டார்க் கன்வெர்ட்டருக்குள் தங்கியது தங்கியபடி இருக்கும். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடியும் மாற்றச் சொல்லுங்கள். கையேட்டில் குறித்த ரக எண்ணைத் தவிர வேறு ஆயில் வேண்டாம். சிவிடி ஆயிலை இதில் ஊற்றினால் உள்ளதும் கெடும்.

ஸ்கேனரில் பி0700 என்ற குறி வந்ததைத்தான் பட்டறையில் ஆதாரமாகக் காட்டினார்கள். அந்தக் குறி, "கியர் பாக்ஸ் கணினியிடம் ஒரு செய்தி இருக்கிறது, போய்க் கேள்" என்று மட்டும்தான் சொல்கிறது. அந்தக் கணினியைத் திறந்து கேட்டால்தான் உள் குறி கிடைக்கும். பி0741 என்றால் லாக்-அப், பி0715 என்றால் உள்தண்டின் வேகம் அளக்கும் சென்சார், பி0750 என்றால் ஒரு சோலனாய்டு. சென்சாரோ சோலனாய்டோ பல வண்டிகளில் கியர் பாக்ஸை இறக்காமலே மாற்றக்கூடியவை. குறிகளை அழிக்கும் முன் எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அழித்துவிட்டால் கோளாறு எந்த வேகத்தில், எந்த வெப்பத்தில் வந்தது என்ற பதிவும் சேர்ந்து போய்விடும். பேட்டரியையும் சோதிக்கச் சொல்லுங்கள். மின்னழுத்தம் தடுமாறினால் இந்தக் கணினிகள் இல்லாத கோளாறுகளைக் காட்டும்.

இனி, உங்கள் ஓட்டும் விதம் பற்றி. ஆஸ்திரேலியாவில் ஃபோர்டு நிறுவனத்தின் பவர்ஷிஃப்ட் என்ற இரட்டைக் கிளட்ச் வண்டிகள் உதறின. புகாரோடு வந்தவர்களிடம், அவர்கள் ஓட்டும் விதத்தால்தான் உதறுகிறது என்று சொல்லப்பட்டது, வண்டியில் குறை இருப்பது தெரிந்திருந்தும். அந்நாட்டு நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட்டது. 2018 ஏப்ரலில் கூட்டாட்சி நீதிமன்றம் ஃபோர்டுக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அதே பெயருள்ள கியர் பாக்ஸ் நம் மறைமலைநகரில் தயாரான ஈகோஸ்போர்ட்டிலும் 2013இல் வந்தது. பின்னால் அதை எடுத்துவிட்டு டார்க் கன்வெர்ட்டர் வைத்தார்கள். அங்கே புகார் சொன்னவர்கள் யாரும் பொறியாளர்கள் என்பதால் ஜெயிக்கவில்லை. வண்டி தங்களுக்குச் சொன்னதை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. உங்கள் குறிப்புத் தாளும் அப்படிப்பட்ட சாட்சிதான். அடுத்த பட்டறைக்கு அதன் நகலை எடுத்துப் போங்கள். மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து, நடுக்கம் வரும் அதே வேகத்தில் நீங்களே ஓட்டிக் காட்டுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு போங்கள். பட்டறை வாசலில் ஒரு சுற்று ஓட்டினால் இந்தக் கோளாறு தலைகாட்டாது.

அதுவரை வண்டியை ஓட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஊருக்குள் ஓட்டுங்கள். ஏற்காட்டுப் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். ஆயில் நிலை தெரியாமல் அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவது கியர் பாக்ஸைச் சூட்டில் வாட்டும். கியர் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு மாறவே மறுத்தால், அது கணினி தற்காப்புக்காகச் செய்வது. ஓரமாக நிறுத்தி, நேரத்தையும் வேகத்தையும் குறித்துக்கொண்டு, மெதுவாகப் பட்டறைக்கு வாருங்கள்.

ஆயில் என்ன நிறத்தில் வந்தது, பிரேக்கைத் தொட்டதும் முள் ஏறியதா, உள்ளே என்ன குறி இருந்தது — இந்த மூன்றையும் எழுதி அனுப்புங்கள். அடுத்து என்ன செய்யலாம் என்று அதை வைத்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்