இணையக்கலையும் அதனைப் பேணுங் குழாமும்

கலைகள் அறுபத்து நான்கு என்பது எம்முன்னோர் வழக்கு. அத்தொகையுள் அடங்காத புதுக்கலைகள் காலந்தோறும் தோன்றி வந்துள்ளன. நிழற்படமும் திரைப்படமும் தோன்றிய நாளில், இவையுங் கலையாமோ என்னும் ஐயம் அறிஞரிடையே எழுந்து பின்னர் அடங்கியது. இன்று அவ்வையத்துக்கு இலக்காகி நிற்பது இணையக்கலை. கைத்தொலைபேசியைக் கணப்பொழுதும் விட்டகலாத எம் மாணவருள்ளும் இப்பெயரைக் கேள்வியுற்றோர் மிகச் சிலரே. ஆகவே, வெள்ளிவிழா, பொன்விழாக்களைப் பற்றிய கட்டுரைகளுக்கிடையே இப்பொருளையும் ஒரு பாடமாக எடுத்துக்கொள்வது பொருந்துமென எண்ணினோம்.

முதற்கண் ஒரு மயக்கத்தை நீக்குவாம். ஓவியன் ஒருவன் சீலையில் வரைந்த படத்தை ஒளிப்படமாக்கி இணையத்தில் ஏற்றினால் அஃது இணையக்கலை ஆகாது. அங்கே இணையம் சுமந்து செல்லும் வண்டி மாத்திரமே. வண்டி நின்றுபோயினும் படம் சீலையில் இருக்கும். இணையக்கலையோ இணையத்தினின்றும் பிரித்தால் உயிர்வாழாதது. தொலைவிலுள்ளோர் ஒரே வேளையில் ஓரிடத்திற் கூடுதல், ஒரு சொல்லைச் சொடுக்கியவுடன் வேறொரு பக்கம் விரிதல், பக்கம் வந்துசேர்வதில் உண்டாகுந் தாமதம் ஆகிய இவையே அக்கலைஞன் கையாளும் மண்ணுஞ் சுண்ணமும். கூத்தினை ஏட்டிற் படிப்பதற்கும் வட்டக்களரியைச் சூழ இருந்து விடியவிடியக் காண்பதற்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தோர் இதனை எளிதில் உணர்வர்.

வலையின் பிறப்பு வரலாறு நீண்டது; ஈண்டுச் சுருங்கக் கூறுவாம். ஜெனீவா நகரின் அயலிலுள்ள சேர்ண் ஆய்வுகூடத்தில் 1989 ஆம் ஆண்டு ரிம் பேர்ணேஸ்-லீ என்பார் அதற்கான திட்டத்தை எழுதினார். 1993 ஏப்ரல் 30 ஆம் நாள் அவ்வாய்வுகூடம் அதனை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என அறிவித்தது. அடுத்த ஆண்டிலேயே கலைஞர் வந்து புகுந்துவிட்டனர்.

1994 இல் ஹீத் பண்டிங் என்னும் ஆங்கிலக் கலைஞர் இலண்டன் கிங்ஸ் குறொஸ் புகையிரத நிலையத்திலுள்ள பொதுத் தொலைபேசிகளின் இலக்கங்களை இணையத்தில் வெளியிட்டார். ஆகஸ்ற் 5 ஆம் நாள் உலகின் எப்பாகத்திலிருந்தும் அவ்விலக்கங்களை அழைக்குமாறும், எடுப்பவர் எவராயினும் அவரோடு உரையாடுமாறும் வேண்டினார். அன்று அந்நிலையத்தில் தொலைபேசிகள் ஒலித்தன. வழிப்போக்கர் எடுத்துப் பேசினர். காட்சிச்சாலையும் இல்லை, விற்பனைக்குரிய பொருளும் இல்லை. இதனை வெறுங் குறும்பென்று தள்ளுவாருளர். முன்பின் அறியாத இருவரைச் சிறிதுநேரம் பேசவைத்தல் குறும்பாயினும், அது நல்ல குறும்பு என்பதே எம் கருத்து.

இனி, தமிழாசிரியராகிய எம்மைப் பெரிதுங் கவர்ந்த படைப்பொன்றை விரித்துரைப்பாம். அமெரிக்கரான டக்ளஸ் டேவிஸ் 1994 இல் தொடங்கிய ‘உலகின் முதற் கூட்டு வாக்கியம்’ என்பது அது. வருவோர் எவரும் அவ்வாக்கியத்தின் ஈற்றில் தாம் விரும்பியதை எழுதலாம். விதி ஒன்றே ஒன்று: முற்றுப்புள்ளி இடலாகாது. பல்லாயிரவர் வந்து எழுதினர்; வாக்கியம் நீண்டுகொண்டே சென்றது. ஆங்கில இலக்கணத்தில் இது விதியை வலிந்து மீறிய செயல். தமிழிலோ வினையெச்சம் என ஒன்றுண்டு. ‘வந்து, கண்டு, சொல்லி, எழுதி’ என எச்சங்கள் அடுக்கி வருங்கால், முற்றுவினை வரும்வரை எம் வாக்கியம் இயல்பாகவே முடிவதில்லை. வகுப்பில் எச்சமும் முற்றுங் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இதனினுஞ் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைப்பதரிது.

1990 களின் நடுப்பகுதியில் இக்கலையை முன்னெடுத்தோருட் பலர் நியூயோர்க்கையோ பாரிசையோ சேர்ந்தவரல்லர் என்பது கவனிக்கத்தக்கது. வூக் சோசிச் சுலோவீனியாவின் லுபிளியானாவிலும், அலெக்சி சுல்கினும் ஒலியா லியாலினாவும் மொஸ்கோவிலும் இருந்தனர். ஒல்லாந்தரான யோவான் ஹேம்ஸ்கேர்க்கும் பெல்ஜியரான டேர்க் பாஸ்மன்சும் ‘ஜோடி’ என்னும் பெயரில் இணைந்து இயங்கினர். சோவியத்து ஒன்றியமும் யூகோசிலாவியாவும் சிதைந்து சில ஆண்டுகளே ஆன காலமது. பெரிய காட்சிச்சாலைகளின் வாயில் அவர்க்கு எளிதில் திறவாது. தொலைபேசிக் கம்பியொன்றும் கணினியொன்றும் போதுமாயிருந்தன. இவர்கள் ஒருவரையொருவர் நேரிற் காணுமுன்னரே மின்னஞ்சற் குழுக்கள் வழியே பழகினர், புகழ்ந்தனர், ஏசினர், ஒருவர் படைப்பை மற்றவர் மாற்றி எழுதினர். மார்க் றைப் என்பார் 1996 இல் பேர்லினில் தொடங்கிய ‘றைசோம்’ என்னும் அமைப்பும் முதலில் இத்தகைய கடிதக் குழுவாகவே இருந்தது.

‘நெற்.ஆர்ட்’ என்னும் பெயர் பிறந்த வகைபற்றி ஒரு கதை வழங்குகின்றது. 1995 இல் சோசிச்சுக்கு வந்த மின்னஞ்சலொன்று எழுத்துச் சிதைந்து கிடந்ததாம். அதனுட் படிக்கக் கூடியதாயிருந்தது இவ்வொரு சொல்லேயாம். கதையைப் பரப்பியவர் சுல்கின். அது கட்டுக்கதை என்பாரே மிகுதி. சங்கம் மூன்று என்னுங் கதையோடு வளர்ந்த எமக்கு இதிற் குறைகாண எதுவுமில்லை.

ஜோடியின் புகழ்பெற்ற படைப்பொன்று கரிய திரையிலே பச்சை எழுத்துக்களும் எண்களும் கோடுகளும் ஒழுங்கின்றிக் கிடப்பதாகத் தோன்றும். கணினி பழுதென்று எண்ணத் தூண்டும். ஆயின், அப்பக்கத்தின் மூலநிரலைத் திறந்து நோக்குவார்க்கு அதே குறிகள் வரிசையுற அமைந்து ஐதரசன் குண்டொன்றின் வரைபடமாகக் காட்சிதரும். காரணம் எளிது. உலாவியானது நிரலிலுள்ள வெற்றிடங்களையும் வரிமுறிவுகளையும், வேறு கட்டளை இல்லாதவிடத்து, ஒன்றாக நெருக்கிவிடும். ஆகவே நிரலில் ஓவியமாய் நின்றது திரையிற் குப்பையாகின்றது. புறத்தே ஒன்று தோன்ற அகத்தே வேறொன்று நிற்பதை உள்ளுறையுவமம் பயின்றோர் அறிவர். அங்கே உள்ளுறைவது காதல். இங்கே உள்ளுறைவது குண்டு.

லியாலினாவின் ‘என் காதலன் போரிலிருந்து மீண்டான்’ 1996 இல் வெளிவந்தது. கறுப்பு வெள்ளைப் படங்கள் சில; குறுகிய சொற்கள் சில; அவ்வளவே அதன் முதல். போரிலிருந்து மீண்டவனும் அவனுக்காகக் காத்திருந்தவளும் உணவின்பின் தனித்து விடப்படுகின்றனர். சொல்லைச் சொடுக்குந்தோறும் திரை இரண்டாய், நான்காய்ப் பிளந்து, உரையாடல் சிறு சிறு கட்டங்களுட் சிதறுகின்றது. எது யார் சொல், எது முன், எது பின் என்பது வாசகன் சொடுக்கும் வரிசையைப் பொறுத்தது. ஐயமும் மன்னிப்பும் திருமணப் பேச்சுந் தோன்றி மறைகின்றன. ஈற்றில் எஞ்சுவன வெறுங் கரிய கட்டங்களே. போரின்பின் வீட்டினுள் நிலவும் மௌனத்தை அறிந்த எம்மவர்க்கு இதற்கு உரை வேண்டா.

ஒரு நுட்பத்தை மட்டுஞ் சுட்டுவாம். அந்நாளில் இணைப்பு மிக மெதுவானது. சொடுக்கியபின் விடை வரும்வரை காத்திருக்க வேண்டும். காதலி கேட்ட வினாவுக்கும் காதலன் விடைக்கும் இடையே கம்பி தந்த அத்தாமதமும் படைப்பின் ஓருறுப்பாயிற்று. இன்றைய வேகத்தில் அம்மௌனம் இல்லை. எழுத்துக்கள் யாவும் முன்போலவே இருக்கின்றன, எனினும் ஒன்று குறைந்துவிட்டது. பின்வந்த கலைஞர் பலர் இப்படைப்பைத் தத்தம் முறையில் மீளச் செய்துள்ளனர். லியாலினாவே அவற்றைத் தொகுத்து ஓர் இணைய நூதனசாலையாக வைத்துள்ளார். முதனூல் ஒன்று, வழிநூல் பல எனலாம்.

உரிமைபற்றிய ஒரு வழக்கும் இவ்விடத்து நினைவுக்கு வருகின்றது. ஜேர்மனியின் காசல் நகரில் 1997 இல் நிகழ்ந்த பத்தாவது ‘டொக்குமென்ரா’ கண்காட்சி, இணையக்கலைக்கும் இடமளித்தது. கண்காட்சி முடிந்ததும் அதன் இணையத்தளம் அகற்றப்படும் என்னுஞ் செய்தி வெளிவரவே, சோசிச் தளம் முழுவதையும் பிரதிசெய்து தம் நாட்டில் வைத்துவிட்டார். களவென்பார் சிலர். ஏட்டுச்சுவடியை இரவல் வாங்கிப் பெயர்த்தெழுதி வைத்தவரால் அன்றோ எம் நூல்கள் தப்பின! அவரைக் கள்வரென்று எவருங் கூறியதில்லை.

இக்கலையின் பெருந்துயர் இங்கேதான் உள்ளது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகை முதலியவற்றைத் தேடிப் பதிப்பித்த காலத்தில் ஏட்டுக்குப் பகை செல்லும் இராமபாணப் பூச்சியுமாயிருந்தன. ஆயினும் ஓர் ஏடு நூறாண்டு தாங்கும். இணையக்கலைக்குப் பத்தாண்டே முதுமை. 1994 இல் தோன்றிய ஜியோசிற்றீஸ் என்னுந் தளத்தில் இலட்சக்கணக்கான எளிய மக்கள் தம் கையாற் பக்கங்கள் அமைத்திருந்தனர். தமிழரும் அவருள் இருந்தனர். அதனை 1999 இல் வாங்கிய யாகூ நிறுவனம் 2009 ஒக்ரோபரில் மூடியது. 1981 இல் யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரிந்ததை ஊரே கண்டு அலறியது. இங்கோ தீயுமில்லை, புகையுமில்லை. ஓர் அறிவித்தல் மாத்திரமே. தன்னார்வலர் சிலர் இரவுபகலாய்ப் பிரதிசெய்து ஏறத்தாழ ஒரு ரெராபைற் அளவைக் காப்பாற்றினர். லியாலினாவும் டிராகன் எஸ்பன்சீட்டும் அத்திரளை ஆராய்ந்து, அக்காலத் திரையில் தோன்றியவாறே ஒவ்வொரு பக்கமாக மீளக் காட்டினர். 2020 டிசம்பருடன் அடோபி நிறுவனம் பிளாஷ் இயக்கியைக் கைவிட்டபோதும் அவ்வாறே எண்ணற்ற படைப்புக்கள் ஒரே நாளில் ஊமையாயின.

டேவிசின் வாக்கியத்துக்கு நேர்ந்ததை மீண்டும் நோக்குவாம். நியூயோர்க் விற்னி நூதனசாலை அதனை 1995 இல் ஏற்றுக்கொண்டது. ஆண்டுகள் செல்ல, புதிய உலாவிகளில் அஃது இயங்காதொழிந்தது. 2013 இல் பழுதுபார்க்கப் புகுந்தோர் பல இடர்களைக் கண்டனர். இணைப்புக்கள் பல எங்குஞ் செல்லாமல் நின்றன. கொரிய மொழியில் எழுதப்பட்ட பகுதிகள் பொருளற்ற குறிகளாய்ச் சிதைந்திருந்தன. இது கேட்டு எம்மவர் வியப்புறார். பாமினி எழுத்துருவில் அமைந்த பழைய பக்கமொன்றை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தவர், ஆங்கில எழுத்துங் அரைப்புள்ளியுங் கலந்த அப்பிதற்றலை நன்கறிவர். யுனிகோட்டில் 1991 இலேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தும், எம் நாட்டில் அது வழக்குக்கு வர நெடுங்காலஞ் சென்றது.

சிதைந்ததைத் திருத்துவதா, சிதைந்தபடியே காப்பதா? பதிப்பாசிரியர் அனைவரையும் வாட்டிய வினா இது. விற்னி நூதனசாலையார் இரு வடிவங்களை வைத்தனர்: ஒன்று முறிந்த இணைப்புக்களோடு பழைய கோலத்திலேயே நிற்பது, மற்றது திருத்தப்பெற்று, வருவோர் இன்றும் தொடர்ந்து எழுதத்தக்கது. யாம் இதனை மிகச் சரியான தீர்ப்பென்போம். பாடத்தைத் தாமே திருத்திவிட்டு மூலத்தை மறைத்த பதிப்பாசிரியரால் தமிழ் பட்ட இடர் கொஞ்சமன்று.

2003 இல் நியூயோர்க் புதிய நூதனசாலையோடு இணைந்த றைசோம், இம்முயற்சியில் முன்னிற்கின்றது. பழைய உலாவியையே இன்றைய கணினியினுள் மீள எழுப்பி, அதனூடே பழைய பக்கத்தைக் காட்டுவது அவர் கைக்கொண்ட வழிகளுள் ஒன்று. 2016 முதல் நூறு படைப்புக்களைத் தெரிந்து, ஒவ்வொன்றையும் மீட்டு, விளக்கத்தோடு ஒரு தொகைநூல் போல இணையத்தில் வெளியிட்டனர். எட்டுத்தொகையைத் தொகுத்தார்க்குப் புலவர் பலர் காலத்தால் முந்தியவர். இவர்க்கோ புலவர் பெரும்பாலும் உயிரோடிருந்து, ‘இது நான் செய்தபடி இல்லை’ என்று தடுக்கவும் வல்லவர்.

இத்தொகையைக் காண விரும்பும் உயர்வகுப்பு மாணவர் முதலில் லியாலினாவின் படைப்பையும், பின்னர் ஜோடியின் பக்கத்தையும் காண்பாராக. முன்னதைப் பழைய உலாவியின் வழியே, விரைவு குறைத்துக் காணுதல் நன்று. பின்னதைக் கைத்தொலைபேசியிற் காண்பது பயனற்றது. மூலநிரலை அங்கே எளிதில் திறத்தல் இயலாது. கல்லூரிக் கணினிக்கூடத்தில் ஆசிரியர் ஒருவர் உடனிருக்க, ஒரு பாடவேளை இதற்குப் போதும்.