ஊசி வரையும் எழுத்து

எழுத்து ஓலையிலும் கல்லிலும் தாளிலும் மட்டுமன்றித் துணியிலும் வாழ்கின்றது. நூலை ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக இட்டு அமைப்பது குறுக்குத் தையல் ஆகும். இங்கிலாந்தில் ஜேன் பாஸ்டாக் என்பவர் தம் பெயரும் 1598 என்னும் ஆண்டும் பொறித்த மாதிரித் துணியொன்று, இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட்டு பொருட்காட்சிச் சாலையில் உள்ளது. அகரவரிசையும், ஒரு பெண்மகவு 1596இல் பிறந்த செய்தியும் அதில் காணப்படுகின்றன. பிற்காலத்தில் வீட்டுத் துணிகளில் உரியவரின் பெயரெழுத்தைக் குறுக்குத் தையலால் பொறிக்கச் சிறுமியர் கற்றனர். ஏவற்பணிக்குச் சென்ற ஏழைப் பெண்ணுக்கு அத்திறமை பிழைப்பிற்குத் துணையாயிற்று.

தமிழ் எழுத்தைத் தைக்க விரும்புவோர் தாமே அதற்குரிய மாதிரியை வரைந்துகொள்ளலாம். கட்டத்தாளும் பென்சிலும் பொறுமையுமே அதற்கு வேண்டுவன. தாளில் ஒரு கட்டம், துணியில் ஒரு தையல் என்பதே அடிப்படை விதி.

தமிழெழுத்தில் வளைவுகள் மிகுதி. கட்டத்திலோ வளைவே இல்லை. ஆதலின் வளைவைப் படிப்படியாக அமைத்தல் வேண்டும். மேலே மூன்று கட்டங்களைக் கிடையாக நிரப்பி, இருபுறமும் மூலைக்கு மூலை தொடுமாறு ஒவ்வொரு கட்டமாக இறங்கினால், தொலைவிலிருந்து காண்போர்க்கு அது வளைவாகவே தோன்றும்.

‘நன்றி’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோர், வரிக்கு மேலும் கீழும் இடம் விடுதல் வேண்டும். புள்ளியும் இகரக் குறியும் மேலே எழும். நகரமும் றகரமும் கீழே இறங்கும். ‘ந’வுக்கு 10 கட்டம், ‘ன்’, ‘றி’ இரண்டிற்கும் 14 கட்டம் வீதம், இடைவெளி இரண்டிற்கு 4 கட்டம் எனக் கொண்டால், அகலம் 42 கட்டமாகும். அங்குலத்திற்கு 14 தையல் கொள்ளும் துணியில் அச்சொல் 3 அங்குலம் அமையும். துணியை நான்காக மடித்து நடுவிடம் கண்டு, அங்கிருந்து இருபுறமும் 21 கட்டம் எண்ணித் தைத்தால் சொல் ஒருபுறம் ஒதுங்காது. மேலிழைகள் யாவும் ஒரே திசையில் சாய்தல் வேண்டும். இன்றேல் நூலின் மெருகு மாறித் தோன்றும்.

சிறு பிழையும் இங்குப் பெரும்பிழையாகும். ஒரே தையலாலான புள்ளியை மறந்தால் மெய் உயிர்மெய்யாகிவிடும். ரகரத்தின் அடிச்சாய்வை விட்டால் அது துணைக்காலாகிவிடும். தாளில் நேர்ந்த பிழையை எளிதில் அழிக்கலாம்; துணியில் நேர்ந்ததை நீக்க, உழைத்த உழைப்பையெல்லாம் பிரித்தல் வேண்டும்.

எண்ணுதல் என்னும் சொல்லுக்குக் கணக்கிடுதல், சிந்தித்தல் என இரு பொருள் உண்டு. ஊசி எடுக்குமுன் அவ்விரண்டையும் செய்தவரின் எழுத்து, காண்போர் கண்ணுக்குப் பிழையின்றி விளங்கும்.