‘சூப்பர்’ போதுமா?

கேள்வி: கிராஃபிக் டிசைன் படிக்கிறேன். என் போர்ட்ஃபோலியோவைப் பார்க்கிறவர்கள் எல்லாம் ‘சூப்பர்’ என்கிறார்கள், குறையே சொல்வதில்லை. என்ன செய்வது?
– ஒரு வாசகி, வேம்பார்

பதில்: ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘சூப்பர்’தான் வரும். கேள்வியை மாற்றுங்கள். கருப்பட்டி லேபிள் செய்திருந்தால், கடைக்காரரை நாலடி தள்ளி நின்று வாசிக்கச் சொல்லுங்கள். அச்சகத்தாரிடம், எந்த நிறம் அச்சில் சொதப்பும் என்று கேளுங்கள். அனுபவமுள்ள டிசைனரிடம், போர்ட்ஃபோலியோவிலிருந்து எந்த இரண்டு வேலைகளைத் தூக்கலாம் என்று கேளுங்கள். அவர்கள் பேசும்போது குறுக்கே விளக்கம் கொடுக்காதீர்கள்.

திருத்தியபின் பழையதை அழித்துவிட வேண்டாம். உங்கள் முத்துக்குளித்துறைப் பரதவரின் பொருளுதவியோடு 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ நூலின் கடைசிப் பக்கத்தில், 1577இல் கோவாவில் வார்த்த எழுத்தும் மறு ஆண்டு கொல்லத்தில் வார்த்த எழுத்தும் சேர்ந்தே இருக்கின்றன. நீங்களும் ஒரு வேலைக்காவது முதல் வடிவத்தையும் திருத்திய வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். குறை சொன்னால் திருந்துகிற கை இது என்று வேலை தருபவருக்குப் புரியும்.