தங்கமலைச் சரணாலயம்: ஒரு வெளிக்களக் கற்கை

மாணவர்களே, மலைநாட்டுக் காடுகள் பற்றிய வினா வந்தால் அநேகர் ஹோட்டன் சமவெளியை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கின்றனர். எமது பதுளை மாவட்டத்திலேயே, ஹப்புத்தளை நகரிலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீற்றர் தூரத்தில், நடந்து சென்று பார்க்கக்கூடிய பழங்காடு ஒன்று உண்டு. அதுவே தங்கமலை. பெயரும் தமிழ்ப் பெயரே.

ஏறத்தாழ 131 ஹெக்டெயர் பரப்புடைய இக்காடு 1938 இல் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. தேசிய பூங்காவினுள் நுழைய அனுமதிச்சீட்டு வேண்டும்; சரணாலயத்திற்கு அது தேவையில்லை. இவ்வேறுபாடு சிறுவினாவாக வரக்கூடியது.

அடிசம் பங்களா வரை தார் வீதி உண்டு. துவிச்சக்கர வண்டியில் போகலாம், ஆனால் ஏற்றத்தில் பாதித் தூரம் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். அதற்கப்பால் மலைமுகடு வழியே இதல்கஸ்ஹின்ன புகையிரத நிலையத்தை நோக்கிச் செல்வது வேர்கள் நிறைந்த ஒற்றையடிப் பாதை. அங்கே வண்டி உதவாது. மழைக்காலமாயின் அட்டைக்கடி நிச்சயம். காலில் சவர்க்காரம் பூசிக்கொள்வது தோட்டத்தில் எல்லோரும் அறிந்த வைத்தியம்.

தனியார் வகுப்பு மாணவர்களை நான் அங்கு அழைத்துச் சென்றபோது எல்லோரும் சிறுத்தையையே தேடினர். சிறுத்தை வரவில்லை. ஆனால் தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் ஒரு மாணவி, "சேர், இங்க மட்டும் ஏன் வெட்டாம விட்டாங்க?" என்று கேட்டாள். இப்பாடத்தின் மையம் அக்கேள்வியே.

மலைநாட்டுக் காடுகள் தேயிலைக்காக அழிக்கப்பட்டன என்று எழுதுவது அரைகுறை விடை. பெருமளவு காடு முதலில் கோப்பிக்காகவே வெட்டப்பட்டது. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தின் பின் காணிகள் தோட்டக்காரர் கைக்கு வேகமாக மாறின. 1869 இல் கோப்பி இலைத்துரு நோய் எமது மடூல்சீமையில் கண்டறியப்பட்டது. கோப்பி அழிந்த நிலங்களிற் பின்னர் தேயிலை வந்தது. இதற்கிடையில், 5000 அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தொடக்கூடாது என்று கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர் ஆலோசனை கூறினார். 1873 இல் அவ்வாறே உத்தரவு பிறந்தது. மலையுச்சிகளில் இன்று பழங்காடு எஞ்சியிருப்பதற்கு இது முக்கிய காரணமாகும்.

இக்காட்டு மரங்கள் குட்டையானவை. குடைபோன்ற முடியும் சிறிய தடித்த இலைகளும் உடையவை. கிளைகளிற் பாசியும் ஓர்க்கிட்டும் படர்ந்திருக்கும். மழை பெய்யாத நாளிலும் மூடுபனி இவற்றிற் பட்டு நீராகச் சொட்டும். தோட்டத்தில் வரிசையாக நிற்கும் யூக்கலிப்டஸைக் காடென்று எழுதிவிடாதீர்கள். அது அவுஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்ட மரம்.

விலங்குகளுள் இலங்கைக்கே உரிய ஊதாமுக மந்தியின் மலைநாட்டு வகை குறிப்பிடத்தக்கது. குளிருக்கேற்ற நீண்ட உரோமம் உடையதால் கரடிக்குரங்கு என்றும் அழைப்பர். மஞ்சட்காதுக் கொண்டைக்குருவி, இலங்கை வெள்ளைக்கண்ணி ஆகிய பறவைகளும் நமது நாட்டுக்கே உரியவை. இவற்றைக் காலையிற் சென்றாற் காணலாம், சத்தமிடாது நடந்தால்.

முகட்டில் நின்று இருபுறமும் பாருங்கள். வடக்கே இறங்கும் நீர் உமா ஓயா வழியாக மகாவலியைச் சேர்ந்து கொட்டியாரக் குடாவில் விழுகின்றது. தெற்கே இறங்குவது வளவை கங்கைக்குப் போகின்றது. மழையற்ற மாதங்களிலும் மலையடிவாரத்துத் தோட்டங்களின் பீலியில் தண்ணீர் வருவது மேலேயுள்ள இத்தகைய காடு ஊறவைத்த நீரினாலாகும். விறகுக்காகக் காட்டோரத்தை வெட்டுவதும் கோடையில் தீ வைப்பதும் அந்தப் பீலியையே பாதிக்கின்றன.

பயிற்சி வினாக்கள்

1. சரணாலயம், தேசிய பூங்கா ஆகியவற்றுக்கிடையிலான வேறுபாடு ஒன்றைத் தருக.
2. 1873 ஆம் ஆண்டு உத்தரவின் விளைவை விளக்குக.
3. உமது தோட்டத்துப் பீலியின் நீர் எங்கிருந்து வருகின்றது? ஊற்றுவரை நடந்து சென்று வரைபடம் வரைக. (வீட்டிலிருந்தபடி வரைந்தால் புள்ளி இல்லை.)