இரண்டு இசைக் கல்லூரியிலும் இடம் கிடைத்துவிட்டதா, தங்கச்சி?

பாடிக் காட்டியாச்சு. வர்ணத்தை இரண்டு காலத்தில் பாடச் சொன்னார்கள், ஒரு ராகத்தைக் கோடி காட்டச் சொன்னார்கள், தாளம் போடச் சொன்னார்கள். இரண்டு கல்லூரியிலும் உன் பெயர் பட்டியலில் வந்துவிட்டது. வீட்டில் ஆளுக்கொன்று சொல்வார்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் அக்கா சொல்வதையும் கொஞ்சம் கேள்.

முதலில், படித்து முடித்தால் கையில் என்ன காகிதம் வரும் என்று பார். கலாக்ஷேத்ராவில் நான்கு வருஷம் படித்தால் கிடைப்பது டிப்ளமோ. இராணி மேரி கல்லூரியில் இசை பட்டப்படிப்பாகவே உண்டு. சென்னை, மதுரை, கோவை, திருவையாறு அரசு இசைக் கல்லூரிகளில் சேர்வதென்றால், உனக்குக் கிடைத்திருக்கும் இடம் பட்டத்துக்கா, டிப்ளமோவுக்கா என்று விண்ணப்பத்தை எடுத்து மறுபடி படி. எம்.ஏ., நெட், கல்லூரி விரிவுரையாளர் வேலை என்று ஆசை இருந்தால் பட்டம் வேண்டும். கச்சேரிதான் லட்சியம் என்றால் அந்தக் கவலை குறைவு. வானொலியில் பி, பி-ஹை, ஏ, டாப் என்று கிரேடு கொடுப்பதற்கு அவர்களே தனியாக ஆடிஷன் வைக்கிறார்கள். அங்கே பாட்டுதான் பேசும்.

அடுத்தது சுருதி. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் சேர்ந்த இடத்தில் ஆண்களும் பெண்களும் ஒரே வகுப்பு, ஒரே சுருதிப்பெட்டி, ஒரு கட்டை. என் சுருதியோ ஐந்து கட்டை. என் சுருதியில் தார ஸ்தாயி மத்யமம் எந்த உயரத்தில் வருமோ, அந்த உயரத்தில் வகுப்பில் தார சட்ஜமே வந்தது. அதற்கு மேல் ரிஷபம், காந்தாரம் என்று சங்கதி ஏறும்போதெல்லாம் கத்தினேன். மூன்றாவது மாதம் குரல் கம்மிப்போய், வீட்டுக்கு வந்து பல வாரம் வாயைத் திறக்காமல் இருந்தேன். அதனால் வாய்ப்பாட்டில் சேரும் பெண்கள் கேட்டே ஆக வேண்டிய கேள்வி இது: வகுப்பு எந்தச் சுருதியில் நடக்கிறது? பெண்களைத் தனியாகப் பாட வைப்பார்களா? கேட்பதற்குக் கூச்சப்படாதே. நல்ல ஆசிரியருக்கு இந்தக் கேள்வி பிடிக்கும்.

ஆசிரியர் விஷயத்தில் ஒன்று கவனி. விளம்பரத்தில் பெரிய வித்வானின் படம் இருக்கும். முதல் வருஷம் உனக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம், யார் பாடம் எடுப்பார், வகுப்பில் எத்தனை பேர் என்பதுதான் உனக்கு வேண்டிய தகவல். இருபது பேர் சேர்ந்து பாடினால் உன் காந்தாரம் கொஞ்சம் இறங்கியிருப்பது யார் காதிலும் விழாது. நீ ஏற்கெனவே கீர்த்தனையும் கல்பனாஸ்வரமும் பாடுகிறவள் என்றால், பாடத்திட்டத்தை வாங்கி, மனோதர்மம் எந்த வருஷம் வருகிறது என்று பார். இரண்டு வருஷம் வர்ணத்திலேயே நிறுத்திவிட்டால் சோர்ந்துபோவாய். ஊரில் சொல்லிக்கொடுத்த குருவிடம் தொடர்ந்து போகலாமா என்பதையும் இப்போதே இரண்டு பக்கமும் பேசிவிடு. பாடாந்தரம் மாறும்போது சண்டை வராமல் இருக்கும்.

விடுதியை நேரில் போய்ப் பார். காலை ஐந்து மணிக்கு அகார சாதகம் பண்ண விடுவார்களா, வீணை வைக்க இடம் இருக்கிறதா, பூட்டிய அறை உண்டா? மார்கழியில் கச்சேரி கேட்க அனுமதி கிடைக்குமா என்றும் சீனியர் அக்காக்களிடம் கேள். மிருதங்கம், வயலின் படிக்கிற பிள்ளைகளும் அங்கே இருந்தால் பெரிய லாபம். சாயங்காலம் கூட உட்கார்ந்து வாசிக்க ஆள் இருந்தால்தான் கச்சேரிக்குத் தைரியம் வரும்.

ஒரே மாதிரி இரண்டு இடம் என்றால், பணம் குறைவாகச் செலவாகும் இடத்தை எடு. மிச்சப்படும் பணத்தில் நல்ல தம்புரா வாங்கலாம்.

இன்னொன்று. அசல் மதிப்பெண் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-லேயே கல்லூரிகளுக்குச் சொல்லியிருக்கிறது. சரிபார்த்ததும் கையோடு திரும்ப வாங்கிக்கொள். கட்டணத்துக்கு ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதே.

கடைசித் தேதிக்கு முன்னால் ஒரு நாள், இரண்டு கல்லூரிக்கும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ. ஒரு வகுப்பில் பின்வரிசையில் உட்கார அனுமதி கேள். அரை மணி நேரம் கேட்டுவிட்டு வந்து பணம் கட்டு.