ஆறு வாரத்தில் கம்பெனி வரி: திருச்சி மாணவருக்கு ஒரு வழிகாட்டி

பி.காம். இரண்டாம் ஆண்டு முடிந்த மே மாதம், தில்லைநகரில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் ஆறு வாரம் இன்டர்ன்ஷிப் செய்தேன். ஸ்ரீரங்கத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி, சத்திரத்தில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ். முதல் நாள் என் பையில் தடிமனான வருமான வரிப் புத்தகம் ஒன்று இருந்தது. எந்தப் பிரிவு என்ன சொல்கிறது என்று கேட்பார்கள் என நினைத்திருந்தேன். ஆனால் ஆறு வாரமும் என்னிடம் கேட்கப்பட்டது ஒரே கேள்விதான். பல வருடமாக அங்கே கணக்கு பார்க்கும் அக்கா ஒருவர் என் ஷீட்டில் ஏதாவது ஓர் எண்ணைத் தொட்டுக்காட்டிக் கேட்பார்: “தம்பி, இந்தத் தொகை எங்கேருந்து வந்துச்சு?”

குறுகிய கால இன்டர்ன்ஷிப்பில் கற்க வேண்டியது அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான். சட்டத்தை வகுப்பிலும் படிக்கலாம். ஓர் எண்ணை அதன் பில் வரைக்கும் பின்தொடர்ந்து போகும் பழக்கம் ஆடிட்டர் ஆபீசில்தான் வரும். அதற்கான படிகள் இவை.

1. மாதத்தைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள்

வரி ஆபீசுக்கென்று தனிக் காலண்டர் உண்டு. டாக்ஸ் ஆடிட் அறிக்கைக்குச் செப்டம்பர் 30, கம்பெனியின் ரிட்டர்னுக்கு அக்டோபர் 31 என்பது வழக்கமான கெடு. அந்த இரண்டு மாதமும் வேலை நிறைய இருக்கும். உட்கார வைத்துச் சொல்லித்தர யாருக்கும் நேரம் இருக்காது. முதல்முறை போகிறவருக்கு மே, ஜூன்தான் நல்லது. மே 31 கடைசிக் காலாண்டின் டிடிஎஸ் ரிட்டர்னுக்குக் கெடு. ஜூன் 15 அட்வான்ஸ் டாக்ஸின் முதல் தவணை. ஆண்டு வரியில் 15 சதவீதம் கட்டியாக வேண்டும். இரண்டு கெடுவையும் பக்கத்திலிருந்து பார்த்துவிடலாம்.

2. நேரில் போய்க் கேளுங்கள்

முதலில், ஆர்டிகிள்ஷிப் செய்துகொண்டிருக்கும் உங்கள் கல்லூரி சீனியரிடம் பேசுங்கள். எந்த ஆபீசில் கம்பெனி கிளையண்ட்கள் அதிகம், எங்கே சொல்லித்தருவார்கள் என்பது அவருக்குத் தெரியும். பிறகு துறைத் தலைவரின் கடிதம், ஒரு பக்க பயோடேட்டா இரண்டையும் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். “சார், ஆறு வாரம் வருவேன், தினமும் முழு நேரம் இருப்பேன், டாலியும் எக்செல்லும் தெரியும்” என்று மூன்று விஷயத்தைத் தெளிவாகச் சொன்னால் போதும். இந்த ஆறு வாரம் ஆர்டிகிள்ஷிப் கணக்கில் சேராது என்பதை நீங்களும் நினைவில் வையுங்கள்.

நவலூர்குட்டப்பட்டில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழக மாணவர்களும் வரி வழக்கறிஞரிடம் மட்டும்தான் போக வேண்டும் என்றில்லை. வருமான வரி மதிப்பீடு இப்போது பெரும்பாலும் முகமறியா முறையில் நடக்கிறது. அதிகாரியின் எதிரே நின்று விளக்க முடியாது. போர்ட்டலில் எழுதிப் பதிவேற்றும் பதில்தான் பேசும். அந்தப் பதில் முதலில் எழுதப்படுவது ஆடிட்டர் ஆபீசில்தான்.

3. போகுமுன் இரண்டு வாரம் தயாராகுங்கள்

எக்செல்லில் விலுக்அப், சம்இஃப், பிவட் டேபிள் மூன்றும் கை தானாகச் செய்ய வேண்டும். டாலியில் பேலன்ஸ் ஷீட்டைத் திறந்து, ஒரு தலைப்பில் என்டர் தட்டுங்கள். லெட்ஜர் வரும். மறுபடி என்டர், மாதம் வரும். இன்னொரு என்டரில் வவுச்சர் வந்து நிற்கும். அக்காவின் கேள்விக்குப் பாதி பதில் அந்த என்டர் விசையில் இருக்கிறது. மீதிப் பாதி ஃபைலில் இருக்கும் பில்.

சட்டத்தில் ஒரு மாற்றத்தைக் கட்டாயம் தெரிந்துகொண்டு போங்கள். 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. ப்ரீவியஸ் இயர், அசெஸ்மென்ட் இயர் என்ற இரட்டைப் பேச்சு போய், டாக்ஸ் இயர் என்ற ஒரே சொல் வருகிறது. ஆனால் அதற்கு முந்தைய வருடங்களின் ரிட்டர்னும் நோட்டீசும் பழைய சட்டப்படிதான் ஓடும். சில வருடங்களுக்கு மேஜையில் இரண்டு புத்தகமும் இருக்கும். கீழே நான் சொல்லும் பிரிவு, படிவ எண்கள் பழைய சட்டத்தின் எண்கள்.

4. முதல் வாரம்: போன வருட ஃபைலைப் படியுங்கள்

வேலை கேட்டு அவசரப்படாதீர்கள். ஒரு நடுத்தரக் கம்பெனியின் போன வருட ஃபைலைக் கேட்டு வாங்குங்கள். டிரையல் பேலன்ஸ், லாப நட்டக் கணக்கு, டாக்ஸ் ஆடிட்டின் 3சிடி படிவம், கம்ப்யூட்டேஷன், ஐடிஆர்-6 என்று வரிசையாக விரியுங்கள். ரிட்டர்னில் உள்ள பத்து எண்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றும் எந்தத் தாளிலிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போங்கள். எனக்கு நான்கு நாள் ஆனது. அதற்குப் பிறகு எந்த ஃபைலும் பயமுறுத்தவில்லை.

5. இரண்டாம் கட்டம்: 26ஏஎஸ் பொருத்துதல்

இன்டர்னுக்குப் பெரும்பாலும் முதலில் தருவது இந்த வேலைதான். கம்பெனி தன் கணக்கில் எழுதிய டிடிஎஸ் தொகையும், 26ஏஎஸ் அறிக்கையில் தெரியும் தொகையும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். டிடிஎஸ் பிடித்தவர்கள் மே 31க்குள் ரிட்டர்ன் போட்ட பிறகுதான் அறிக்கை நிரம்பும். அதனால் ஜூனில் இதே வேலையாக இருக்கும்.

துவாக்குடி பக்கத்து ஃபேப்ரிகேஷன் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். இரும்பை வாடிக்கையாளர் கொடுப்பார். வெட்டி, வெல்டிங் செய்து தருவது இவர்கள் வேலை. மார்ச் 28 தேதியிட்ட ஜாப் ஒர்க் பில் 10 லட்சம். கம்பெனிக்குத் தரும் ஒப்பந்தத் தொகைக்கு 2 சதவீதம் டிடிஎஸ், அதாவது 20,000 ரூபாய். இவர்கள் அதை மார்ச்சிலேயே கணக்கில் எழுதிவிட்டார்கள். வாடிக்கையாளரோ பில்லை ஏப்ரலில் பதிந்திருக்கிறார். வரவு ஒரு வருடத்தில், டிடிஎஸ் அடுத்த வருடத்தில். இன்னொரு பில்லில், தனியாகக் காட்டிய ஜிஎஸ்டியையும் சேர்த்து 11 லட்சத்து 80 ஆயிரத்துக்கு 23,600 பிடித்திருப்பார்கள்.

இப்படி ஒரு வேறுபாட்டை நான் “இதர வேறுபாடு” என்று ஒரே வரியில் போட்டு ஷீட்டை டாலி ஆக்கிவிட்டேன். அக்கா திருப்பிக் கொடுத்தார். “டாலி ஆகுறது முக்கியமில்ல தம்பி. ஏன் ஆகலைன்னு எழுதணும். ரெண்டு வருஷம் கழிச்சு நோட்டீஸ் வந்தா, நீயும் இருக்க மாட்ட, இந்த ஷீட்டுதான் இருக்கும்” என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் பில் எண், தேதி, காரணம், யாரிடம் கேட்க வேண்டும் என்று நான்கு பத்தி போட்டேன். நீங்கள் முதல் நாளிலேயே அப்படிப் போடுங்கள்.

6. மூன்றாம் கட்டம்: ஒரு கம்ப்யூட்டேஷனை நீங்களே போடுங்கள்

புத்தக லாபம் வேறு, வரிக்குரிய வருமானம் வேறு. ஒரு கற்பனைக் கணக்கு:

- புத்தக லாபம்: 60 லட்சம்
- கூட்டு: கணக்கில் எழுதிய தேய்மானம் 12 லட்சம்
- கூட்டு: சிறு நிறுவனத்துக்குக் கெடுவுக்குள் தராமல் வருடக் கடைசியில் பாக்கி நிற்கும் 5 லட்சம்
- கூட்டு: டிடிஎஸ் பிடிக்காமல் கான்ட்ராக்டருக்குக் கொடுத்த 10 லட்சத்தில் 30 சதவீதம், 3 லட்சம்
- கழி: வரிச் சட்டப்படியான தேய்மானம் 15 லட்சம்
- வரிக்குரிய வருமானம்: 65 லட்சம்

115பிஏஏ பிரிவின் 22 சதவீதத்தைத் தேர்ந்தெடுத்த கம்பெனி என்றால் வரி 14,30,000. அதில் 10 சதவீத சர்சார்ஜ் 1,43,000. இரண்டும் சேர்ந்த தொகைக்கு 4 சதவீத செஸ் 62,920. மொத்தம் 16,35,920 ரூபாய், வருமானத்தில் 25.168 சதவீதம்.

நடுவில் உள்ள அந்த 5 லட்சத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். குறு, சிறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள், இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் கொடுத்த வருடத்தில்தான் செலவாக ஏற்கப்படும் என்கிறது 43பி(எச்). பெல் தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்த சிறு பட்டறைகள் நிறைந்த ஊர் இது. பில் பணம் வராமல் சனிக்கிழமைக் கூலிக்குத் திண்டாடும் முதலாளிகளை ஆபீஸ் வாசலிலேயே பார்ப்பீர்கள். சட்டத்தின் ஒரு வரி யாருக்காக எழுதப்பட்டது என்று அப்போது புரியும்.

7. ரிப்பேர் லெட்ஜரைத் திறந்து பாருங்கள்

செலவா, சொத்தா என்ற கேள்வி அதிகம் ஒளிந்திருப்பது “ரிப்பேர், பராமரிப்பு” லெட்ஜரில். பெரிய தொகைகளுக்குப் பில்லை எடுங்கள். 3,40,000 என்று இருக்கும். பில்லில் புது வெல்டிங் மெஷின் என்று இருக்கும். ஜனவரியில் ஓடத் தொடங்கியிருந்தால் 180 நாள் ஆகவில்லை. 15 சதவீதத் தேய்மானத்தில் பாதி, 25,500 மட்டுமே கழியும். மீதி 3,14,500 வருமானத்தில் சேரும்.

இதோடு சரவணா ஸ்பின்னிங் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2007இல் சொன்ன தீர்ப்பைப் படியுங்கள். ரிங் ஃப்ரேமை மாற்றிய செலவை நடப்பு ரிப்பேர் என்று மில் கோரியது. ரிங் ஃப்ரேம் தனக்கென வேலை உள்ள தனி இயந்திரம். பழுதுபார்ப்பது வேறு, ஒரு முழு இயந்திரத்தையே மாற்றுவது வேறு என்று நீதிமன்றம் மறுத்தது. ஒரு பில்லைக் கையில் வைத்துக்கொண்டு படித்த தீர்ப்பு மறக்காது.

8. ரகசியம் காப்பாற்றுங்கள்

கிளையண்ட் பெயரும் லாபமும் ஆபீஸ் கதவைத் தாண்டக் கூடாது. பஸ்ஸில் உங்கள் பின் இருக்கையில் இருப்பவர் அந்தக் கம்பெனி ஊழியராக இருக்கலாம். ஃபைலை உங்கள் வாட்ஸ்அப்புக்கோ பென்டிரைவுக்கோ ஏற்றாதீர்கள். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைத் தொடாதீர்கள்.

9. தினமும் பத்து வரி எழுதுங்கள்

பெயர்கள் இல்லாமல், அன்று பார்த்த தாள், வந்த சந்தேகம், கிடைத்த பதில் மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். கல்லூரிக்குத் தரும் அறிக்கை அதிலிருந்தே உருவாகிவிடும். கடைசி வாரம் சான்றிதழைக் கேட்பதோடு, “நான் எதில் மேம்பட வேண்டும், சார்?” என்றும் கேளுங்கள்.

என் கடைசி நாளில் அக்கா என் ஷீட்டை வாங்கி, ஓர் எண்ணில் விரலை வைத்தார். அவர் கேட்பதற்குள் பில் எண்ணையும் தேதியையும் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஷீட்டுக்குப் போனார். அவர் கேள்வி கேட்காமல் கடந்துபோன அந்த ஒரு வரிதான் என் ஆறு வாரச் சம்பாத்தியம்.